கணினித் துறையில் கோடைகால ஆய்வுப் பயிற்சி: விண்ணப்பத்திலிருந்து போஸ்டர் வரை

அமெரிக்காவில் கணினி அறிவியல் படிக்கும் இளநிலை மாணவர்களிடம் கோடை விடுமுறையைப் பற்றிக் கேட்டால், நிறுவனங்களில் இன்டர்ன்ஷிப் தேடுவதைப் பற்றித்தான் பேசுவார்கள். அதே பத்து வாரங்களை ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில், ஒரு பேராசிரியரின் ஆய்வில் சேர்ந்து, உதவித்தொகையும் தங்குமிடமும் பெற்றுக்கொண்டு செலவிடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களிலும் நிறையப் பேர் "நம்ம காலேஜ்ல இருந்தெல்லாம் எடுக்க மாட்டாங்க" என்று தாங்களாகவே ஒதுங்கிவிடுகிறார்கள்.

அங்கேதான் தவறு நடக்கிறது. இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை உருவானதே அப்படி ஒதுங்குகிறவர்களுக்காக. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை, அதாவது என்.எஸ்.எஃப்., 1987 முதல் ஆர்.இ.யூ. என்ற இளநிலை ஆய்வு அனுபவத் திட்டத்துக்கு நிதி தருகிறது. அதில் ஒரு தளத்தை, அதாவது ஒரு கோடைத் திட்டத்தை, நடத்தும் பல்கலைக்கழகம் தன் சொந்த மாணவர்களை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. கணிசமான பங்கு வெளியிலிருந்து வரவேண்டும். அதிலும் ஆய்வு வாய்ப்பு குறைந்த கல்லூரிகளிலிருந்து வரவேண்டும். உங்கள் கல்லூரியில் ஆய்வகமே இல்லை என்பது நீங்கள் மறைக்க வேண்டிய குறை அல்ல. விண்ணப்பத்தில் முதல் பத்தியிலேயே சொல்ல வேண்டிய தகுதி அது.

பெண்களுக்கு இன்னொரு தேவையும் இருந்தது. 1980-களின் நடுவில் அமெரிக்காவில் கணினி அறிவியல் இளநிலைப் பட்டம் பெற்றவர்களில் ஏறத்தாழ 37 சதவீதம் பெண்கள். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது சுமார் 18 சதவீதமாகச் சரிந்தது. இந்தச் சரிவின் நடுவில்தான், 1994-ல், கணினி ஆய்வுச் சங்கத்தின் பெண்கள் குழு ஒரு திட்டத்தைத் தொடங்கியது: மாணவி வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போய், ஒரு பேராசிரியரோடு ஒரு கோடை முழுக்க வேலை செய்வார். பின்னாளில் டி.ஆர்.இ.யூ. என்று பெயர் பெற்றது அதுதான். 

எத்தனை வகை

ஆர்.இ.யூ. தளம் என்பது ஒரு துறையோ ஆய்வு மையமோ ஒரே தலைப்பின் கீழ் நடத்துவது: இணையப் பாதுகாப்பு, ரோபாட்டிக்ஸ், மொழித் தொழில்நுட்பம், மனிதர்–கணினி ஊடாட்டம் என்று. ஒரு கோடைக்குச் சுமார் பத்து மாணவர்கள், எட்டிலிருந்து பத்து வாரங்கள். இதில் உங்களோடு சமவயதுக் கூட்டாளிகள் இருப்பார்கள். முதல்முறை ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு இதையே முதலில் சொல்வோம். தனியாக ஒரு ஆய்வகத்தில் முதுநிலை மாணவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதைவிட, அதே குழப்பத்தில் இருக்கும் ஒன்பது பேரோடு மதியம் சாப்பிடுவது பெரிய பலம்.

இரண்டாவது வழி பலர் கவனிக்காதது: ஆர்.இ.யூ. துணை நிதி. என்.எஸ்.எஃப். நிதியில் ஆய்வு நடத்திக்கொண்டிருக்கும் எந்தப் பேராசிரியரும், அதே ஆய்வில் ஒன்றிரண்டு இளநிலை மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளக் கூடுதல் நிதி கேட்கலாம். இதற்குப் பொது விண்ணப்பமோ விளம்பரமோ கிடையாது. பேராசிரியரைக் கேட்டால்தான் உண்டு. எப்படிக் கேட்பது என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

இவை தவிர, அமெரிக்க எரிசக்தித் துறையின் தேசிய ஆய்வுக்கூடங்கள் இளநிலை மாணவர்களுக்கு நடத்தும் சூலி என்ற பயிற்சித் திட்டம் உண்டு. ஓக் ரிட்ஜ், ஆர்கான், லாரன்ஸ் பெர்க்லி போன்ற இடங்களில் மீத்திறன் கணினிகளில் வேலை செய்யக் கிடைக்கும் வாய்ப்பு அது. இரண்டாண்டுக் கல்லூரிகளான கம்யூனிட்டி காலேஜ்களின் மாணவர்களுக்கு அதே துறை சி.சி.ஐ. என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறது. லீடர்ஷிப் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பில் ஒரே விண்ணப்பத்தில் பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். கார்னெகி மெலனின் ரோபாட்டிக்ஸ் நிறுவனமும் எம்.ஐ.டி.யும் தத்தம் சொந்தக் கோடைத் திட்டங்களை நடத்துகின்றன.

யாருக்குத் தகுதி

விண்ணப்பம் எழுத உட்காருவதற்கு முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தமிழ்க் குடும்பங்களில் அதிகம் அடிபடும் இடம் இது.

என்.எஸ்.எஃப். பணத்தில் உதவித்தொகை பெற அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்க வேண்டும். எஃப்-1 மாணவர் விசாவில் சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்து படிப்பவருக்கு இது பொருந்தாது. அதைவிட வேதனையான நிலை, ஐந்து வயதில் பெற்றோரோடு வந்து, இங்கேயே பள்ளி முடித்து, பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இன்னும் இருக்கும் பிள்ளைகளுடையது. பேச்சிலும் படிப்பிலும் இந்த ஊர்ப் பிள்ளைதான்; ஆனால் அப்பாவின் கிரீன் கார்டு வரிசை நகராததால் ஆர்.இ.யூ. உதவித்தொகை கிடையாது. அரசியல் தஞ்சம் பெற்ற ஈழத்தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் கிரீன் கார்டு கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இதற்காக ஆய்வையே விட்டுவிட வேண்டாம். தங்கள் சொந்தப் பணத்தில் ஓரிரு வெளிநாட்டு மாணவர்களையும் சேர்க்கும் தளங்கள் உண்டு. தளத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரே வரியில் கேள்வி அனுப்புங்கள்: "குடியுரிமை இல்லாதவர்களுக்கு என்.எஸ்.எஃப். அல்லாத நிதி இருக்கிறதா?" எஃப்-1 மாணவர்கள் தாங்கள் படிக்கும் பல்கலைக்கழகத்திலேயே கோடையில் ஆய்வு உதவியாளராகச் சம்பளத்துக்கு வேலை செய்ய வழி இருக்கிறது. எச்-4 மாணவர்களுக்குச் சம்பள வேலை கூடாது. பாடநெறிக் கணக்கில் வரும் ஆய்வுப் பாடமாகப் பதிவு செய்துகொண்டால் அனுபவமும் பரிந்துரைக் கடிதமும் கிடைக்கும். எதுவானாலும் பணம் கைமாறுவதற்கு முன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "சும்மா வந்து வேலை பாரு, பிறகு பார்த்துக்கலாம்" என்று ஒரு பேராசிரியர் நல்லெண்ணத்தில் சொல்வது விசாவைச் சிக்கலாக்கிவிடக் கூடும்.

இந்தியாவில் இருந்தபடி படிக்கிறவர்கள் ஆர்.இ.யூ.வைத் துரத்தி நேரம் வீணாக்க வேண்டாம். இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகை, ஐ.ஐ.டி. மெட்ராஸின் கோடைத் திட்டம், கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க், ஜெர்மனியின் டாட் வைஸ் ஆகியவைதான் அவர்களுக்குரியவை. கீழே வரும் கட்டுரை, கடித ஆலோசனைகள் அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

மற்ற நிபந்தனைகள் எளியவை. கோடை தொடங்கும்போது நீங்கள் இளநிலைப் பட்டம் முடித்திருக்கக் கூடாது. மே மாதம் பட்டம் வாங்குகிறவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். கம்யூனிட்டி காலேஜ் மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். சராசரி மதிப்பெண் நான்குக்கு 3.0 என்று பல இடங்களில் போட்டிருக்கும். 2.9 வைத்திருப்பவர் ஒருங்கிணைப்பாளரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும். திட்டத்தின் பக்கத்தில் "அனைவரும் விண்ணப்பிக்கலாம்" என்று பொதுவாக எழுதியிருந்தால் அது உங்களுக்கானதல்ல என்று நினைக்க வேண்டாம். குடும்பத்தில் முதல் பட்டதாரியா, கல்லூரியில் ஆய்வு வசதி உண்டா, இதுவரை என்ன தடைகளைத் தாண்டினீர்கள் என்ற கேள்விகள் விண்ணப்பத்துக்குள் இருக்கும். அவற்றுக்கு முழுப் பதில் எழுதுங்கள்.

நாட்காட்டி

கோடைக்கான வேலை முந்தைய நவம்பரில் தொடங்குகிறது. பெரும்பாலான தளங்களின் கடைசித் தேதி ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கத்துக்குள் விழும். பிப்ரவரி முதல் பாதியில் மிகவும் நெருக்கம். தேசிய ஆய்வுக்கூடங்கள் இன்னும் முன்னதாக, ஜனவரி தொடக்கத்திலேயே மூடிவிடும். ஏப்ரலில் செமஸ்டர் முடியும் நேரத்தில் தேட ஆரம்பிப்பதுதான் நாங்கள் அதிகம் காணும் தவறு. அப்போது இடங்கள் நிரம்பியிருக்கும்.

நவம்பரில் பட்டியல் போடுங்கள். டிசம்பர் முதல் வாரத்தில், இறுதித் தேர்வுகளுக்கு முன், பரிந்துரைக் கடிதம் கேட்டுவிடுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் பேராசிரியர்கள் மின்னஞ்சல் பார்ப்பது அரிது. ஜனவரி 10-ல் கேட்டு 15-க்குள் கடிதம் வேண்டும் என்றால் கிடைப்பது அவசரத்தில் எழுதிய நான்கு வரிதான். விடுமுறையில் கட்டுரை எழுதுங்கள். ஜனவரி இறுதிக்குள் எல்லாவற்றையும் அனுப்பிவிடுங்கள். சில தளங்கள் விண்ணப்பங்கள் வர வரப் படித்து இடங்களை நிரப்புகின்றன. கடைசித் தேதியன்று இரவு 11:55-க்கு அனுப்புகிறவர் அங்கே ஏற்கெனவே பின்தங்கியிருப்பார்.

ஆண்டை நான்கு பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறைக் கல்லூரிகளில் படிக்கிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. வகுப்புகள் ஜூன் நடுவில்தான் முடியும். தளமோ மே இறுதியில் தொடங்கிவிடும். இரண்டு வாரம் தாமதமாகச் சேர அனுமதிப்பார்களா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள்.

பட்டியல் போடுவது

என்.எஸ்.எஃப். இணையதளத்தில் ஆர்.இ.யூ. தளங்களைத் துறைவாரியாகத் தேடலாம். அதன் ஈடாப் என்ற இணையவாசல் வழியாகப் பல தளங்களுக்கு ஒரே சுயவிவரத்தை வைத்து விண்ணப்பிக்க முடியும். தளம் பட்டியலில் இருப்பதாலேயே இந்தக் கோடையில் நடக்கிறது என்று பொருளல்ல. நிதி முடிந்த தளங்களின் பக்கங்களும் இணையத்தில் அப்படியே கிடக்கும். 2025-ல் நிதி வெட்டுகளால் சில தளங்கள் கடைசி நேரத்தில் கைவிடப்பட்டன. பக்கத்தில் இந்த ஆண்டின் தேதிகள் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு மின்னஞ்சல்.

எட்டிலிருந்து பன்னிரண்டு திட்டங்கள் போதும். ஒன்றிரண்டுக்கு மட்டும் விண்ணப்பிப்பது ஆபத்து, ஏனென்றால் பத்து இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் வரும். முப்பதுக்கு ஒரே கட்டுரையை அனுப்புவதும் பயனில்லை. படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். புகழ்பெற்ற பெயர்களை மட்டும் குறிவைக்காதீர்கள். பெரிய பெயர் கொண்ட இடத்தில் உங்கள் வழிகாட்டியை வாரம் ஒரு முறைகூடப் பார்க்க முடியாமல் போகலாம். நடுத்தர மாநிலப் பல்கலைக்கழகத்தில் தினமும் வந்து உங்கள் திரையைப் பார்க்கும் ஆசிரியர் கிடைக்கலாம். பக்கத்தில் முந்தைய ஆண்டு மாணவர்களின் போஸ்டர்களும் (கோடை முடிவில் ஆய்வைச் சுருக்கிக் காட்டும் பெரிய தாள்) அறிக்கைகளும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் அந்தத் தளத்தில் வேலை முடிகிறது என்று அர்த்தம்.

கட்டுரை

தேர்வுக்குழுவில் உட்காரும் பேராசிரியர் ஒரு மாலையில் ஐம்பது விண்ணப்பங்கள் படிக்கிறார். அவர் மனதில் ஒரே கேள்விதான்: இந்த மாணவர் என் ஆய்வகத்தில் செவ்வாய்க்கிழமை காலை என்ன செய்துகொண்டிருப்பார்? அந்தக் காட்சியை அவருக்குக் காட்டுவதுதான் கட்டுரையின் வேலை.

அடிக்கடி வரும் பத்தி இப்படி இருக்கும்: "சிறுவயது முதலே எனக்குக் கணினிகள்மீது தீராத ஆர்வம். செயற்கை நுண்ணறிவு உலகையே மாற்றிவருகிறது. உங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் கற்கும் வாய்ப்பு என் கனவை நனவாக்கும்." இதில் ஒரு வரிகூட அந்த மாணவரைப் பற்றியது அல்ல. பெயரை மாற்றி யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்.

அதே மாணவர் இப்படி எழுதியிருக்கலாம்: "என் பாட்டி அனுப்பும் குரல் செய்திகளை எழுத்தாக்க ஒரு இலவசப் பேச்சுணரி மென்பொருளைப் பயன்படுத்தினேன். செய்தி வாசிப்பாளரின் தமிழை அது ஓரளவு எழுதியது. பாட்டியின் திருநெல்வேலித் தமிழில் தடுமாறியது. இருபது குரல் செய்திகளைக் கையால் எழுதி, எந்தச் சொற்களில் பிழை வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன். வினைச்சொற்களின் விகுதிகளில்தான் பெரும்பகுதி பிழை. உங்கள் தளத்தின் மூன்றாம் திட்டம் குறைந்த தரவு கொண்ட மொழிகளின் பேச்சுணர்தல் பற்றியது. பிழைகளை வகைப்படுத்தும் பகுதியில் நான் முதல் வாரத்திலிருந்தே உதவ முடியும். நரம்பியல் வலையமைப்புகளைப் பயிற்றுவிப்பது எனக்குப் புதிது, அதை அங்கே கற்க விரும்புகிறேன்."

இரண்டாவது பத்தியில் பெரிய சாதனை எதுவும் இல்லை. இருபது குரல் செய்திகள்தான். ஆனால் கேள்வி எழுந்தது, தானே எண்ணிப் பார்த்தார், தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். ஆய்வுக்கு வேண்டியது இந்த மூன்றும்தான். அப்படிப்பட்ட எடுத்துக்காட்டு உங்களிடம் இல்லை என்று நினைத்தால் இன்னும் யோசியுங்கள். வகுப்புத் திட்டப்பணியில் எதிர்பார்த்தபடி ஓடாத ஏதோ ஒன்று, அப்பாவின் கடைக் கணக்கை எக்ஸெலில் இருந்து மாற்றியபோது வந்த குளறுபடி, எதுவும் சரி. இது உங்கள் சொந்த அனுபவமாக, உண்மையாக இருக்க வேண்டும்.

700 முதல் 800 சொற்கள் எழுதினால் போதும். மேலே சொன்னது போன்ற ஒரு பத்தி. எடுத்த பாடங்கள், தெரிந்த மொழிகள் பற்றி மூன்று நான்கு வரி. இந்தத் தளத்தில் எந்த இரண்டு திட்டங்கள், ஏன் என்று ஒரு பத்தி. உங்கள் சூழல் பற்றி ஒரு பத்தி. வாரம் 20 மணி நேரம் கடையில் வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறீர்கள் என்றால் அதை எழுதுங்கள். மதிப்பெண் பட்டியலில் ஒரு 'சி' இருந்தால் படிப்பவர் காரணத்தைப் புரிந்துகொள்வார். இரக்கம் தேடும் தொனி வேண்டாம், நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். கட்டுரையின் இந்தத் தளத்துக்கான பத்தியை மட்டும் ஒவ்வொரு தளத்துக்கும் புதிதாக எழுத வேண்டும். வழிகாட்டியின் சமீபத்திய ஆய்வுக்கட்டுரை ஒன்றின் சுருக்கத்தையும் அறிமுகத்தையும் படித்துவிட்டு எழுதுங்கள். ஒரு தளத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயரோடு அனுப்பிவிடுவது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது, அனுப்பும் முன் ஒருமுறை சத்தமாகப் படியுங்கள்.

பரிந்துரைக் கடிதம்

பெரும்பாலும் இரண்டு வேண்டும். புகழ்பெற்ற பேராசிரியர் 300 பேர் வகுப்பில் "இவர் 'ஏ' வாங்கினார்" என்று எழுதும் கடிதத்தைவிட, உங்களோடு உட்கார்ந்து பிழை தேடிய கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியரின் கடிதம் எடை கூடியது. நம் வீடுகளில் ஆசிரியரிடம் போய் எதையும் கேட்பதே மரியாதைக் குறைவு என்ற கூச்சம் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் கடிதம் எழுதுவது ஆசிரியர் வேலையின் ஒரு பகுதி. கேட்காமல் இருப்பதால் இழப்பு உங்களுக்குத்தான்.

கேட்கும்போது "இந்தத் திட்டங்களுக்கு என்னைப் பற்றி வலுவான கடிதம் எழுத முடியுமா?" என்று கேளுங்கள். முடியாதவருக்கு மறுக்க வழி கிடைக்கும். அரைமனக் கடிதத்தைவிட மறுப்பு மேல். ஒப்புக்கொண்டதும் அன்றே ஒரு மின்னஞ்சல்: எந்த வகுப்பு, எந்தப் பருவம், என்ன மதிப்பெண், வகுப்பில் நீங்கள் செய்த திட்டப்பணி என்ன, அவர் அறைக்கு வந்து என்ன கேட்டீர்கள், எல்லாத் தளங்களின் பெயரும் கடைசித் தேதியும் ஒரே அட்டவணையில், கூடவே உங்கள் கட்டுரையின் வரைவு. தேதிக்கு ஒரு வாரம் முன்பு ஒரு நினைவூட்டல் அனுப்பலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று படிவம் கேட்டால் ஆம் என்று குறியிடுங்கள். இல்லையென்றால் படிப்பவர்கள் கடிதத்தை முழுதாக நம்புவதில்லை.

தளம் கிடைக்காவிட்டால்: துணை நிதி வழி

மார்ச் இறுதியில் எல்லா இடத்திலிருந்தும் மறுப்பு வந்தாலும் கோடை முடிந்துவிடவில்லை. என்.எஸ்.எஃப். தான் தந்த நிதிகள் அனைத்தையும் பொதுவில் வைத்திருக்கிறது. அதன் தேடல் பக்கத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டால் யாருக்கு என்ன தலைப்பில் நிதி, எப்போது முடிகிறது என்று வரும். இன்னும் ஒரு வருடமாவது மீதமிருக்கும் கணினித் துறை நிதிகளைப் பொறுக்கி எடுங்கள். அந்தப் பேராசிரியருக்கு ஆறு வரியில் எழுதுங்கள்: யார் நீங்கள், அவருடைய எந்த ஆய்வு ஏன் ஈர்த்தது, உங்களால் உடனே செய்யக்கூடியது என்ன, கோடையில் வாரம் எத்தனை மணி நேரம் தரமுடியும், ஆர்.இ.யூ. துணை நிதி கேட்க வாய்ப்புண்டா. பத்துப் பேருக்கு எழுதினால் மூன்று பேராவது பதில் போடக்கூடும். இதைப் பிப்ரவரியிலேயே, தள விண்ணப்பங்களோடு சேர்த்தே செய்வது நல்லது. துணை நிதிக்கான கோரிக்கை மேலிடத்துக்குப் போய் வர வாரங்கள் ஆகும்.

வாய்ப்பு வந்ததும்

பதில் சொல்ல ஒரு வாரமோ அதற்குக் குறைவாகவோ அவகாசம் தருவார்கள். உங்கள் முதல் விருப்பம் இன்னும் பதில் தரவில்லை என்றால், அந்தத் தளத்துக்கு எழுதிக் கேளுங்கள்: வேறு வாய்ப்பு கையில் இருக்கிறது, இந்தத் தேதிக்குள் முடிவு தெரியுமா? இது முறையான கேள்விதான். ஒன்றுக்குச் சரி சொல்லிவிட்டு மே மாதம் விலகுவது மட்டும் கூடாது. அந்த இடம் காலியாகவே போகும். காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர் அதற்குள் வேறு வேலை தேடிக்கொண்டிருப்பார்.

பணக் கணக்கைப் பார்ப்போம். 2023-ல் வந்த என்.எஸ்.எஃப். வழிகாட்டுதல்படி ஆர்.இ.யூ. உதவித்தொகை வாரத்துக்குச் சுமார் 700 டாலர். பத்து வாரத்துக்கு 7,000. தங்குமிடத்தையும் பயணச் செலவையும் பெரும்பாலும் இதற்கு மேல் தனியாகத் தருவார்கள். நிறுவன இன்டர்ன்ஷிப் தருவதைவிட இது குறைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. கோடைச் சம்பளத்தை வைத்து வீட்டுக்கு உதவுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கவனிக்க வேண்டியவை இரண்டு. பணம் முதல் நாளே வராது. தவணைகளாக வரும், முதல் தவணைக்கே இரண்டு மூன்று வாரம் ஆகலாம். சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் கையில் காசு வைத்துக்கொண்டு போங்கள். இல்லையென்றால் ஒருங்கிணைப்பாளரிடம் முன்பே சொல்லுங்கள், சில இடங்களில் முன்பணம் தருவார்கள். அடுத்து, பல இடங்களில் இந்தத் தொகையில் வரி பிடிக்காமல் தருவார்கள். அதனால் வரி இல்லை என்று ஆகாது. அடுத்த ஏப்ரலுக்கு ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்.

விடுதியில் அடுப்பங்கரை உண்டா, படுக்கை விரிப்பு தருவார்களா என்று கேளுங்கள். சில விடுதிகளில் ரைஸ் குக்கர் வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. பத்தொன்பது வயது மகளை வேறு மாநிலத்துக்குப் பத்து வாரம் அனுப்பத் தயங்கும் பெற்றோர் நம்மிடையே நிறைய உண்டு. அந்தத் தயக்கத்துக்கு வாக்குவாதத்தைவிடத் தாள்கள் உதவும். பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வக் கடிதம், விடுதி முகவரி, ஒருங்கிணைப்பாளரின் பெயர், கூட வரும் மாணவர்கள் பற்றிய விவரம் எல்லாவற்றையும் அச்சிட்டு அம்மா அப்பா கையில் கொடுங்கள். ஒருங்கிணைப்பாளர்களில் பலர் பெற்றோரிடம் தொலைபேசியில் பேசவும் தயாராக இருப்பார்கள்.

பத்து வாரங்கள்

முதல் வாரம் ஆய்வே நடக்காது. கணக்கு திறப்பது, கணினித் தொகுதியில் நுழைய அனுமதி வாங்குவது, பழைய மாணவர் விட்டுப்போன நிரலை ஓடவைப்பது என்றே போகும். நூலகங்களின் பதிப்பு ஒத்துப்போகாமல் மூன்று நாள் போனால் அது உங்கள் அறிவுக்குறைவு அல்ல. எந்தப் பதிப்பில் ஓடியது என்பதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் வாரத்தில் கைகொடுக்கும். மனிதர்களை வைத்துச் சோதிக்கும் ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள். அது வர வாரக்கணக்கில் ஆகும். ஒப்புதல் இல்லாமல் ஆறாம் வாரம் வரை கைகட்டி உட்கார்ந்த மாணவர்கள் உண்டு.

முதல் நாளிலிருந்தே ஒரு ஆய்வுக் குறிப்பேடு வையுங்கள். தேதி, இன்று என்ன முயன்றேன், எந்த அமைப்புகளோடு, என்ன வந்தது, நாளை என்ன. ஐந்து வரி போதும். நிரலை ஒவ்வொரு மாலையும், பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் கிட் (Git) மென்பொருளில் சேமியுங்கள். ஜூலை நடுவில் "அந்த நல்ல முடிவு எந்த அமைப்பில் வந்தது?" என்று வழிகாட்டி கேட்கும்போது பதில் இருக்க வேண்டும்.

இரண்டாம் மூன்றாம் வாரத்தில் எல்லோரும் எங்காவது சிக்கிக்கொள்வார்கள். கெட்டிக்கார மாணவர்கள்தான் இங்கே அதிகம் இழக்கிறார்கள்: தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு நான்கு நாள் தனியாகப் போராடுவார்கள். ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு மணி நேரம் முயன்றும் நகரவில்லை என்றால் கேட்க வேண்டும். முதலில் ஆய்வகத்தின் முனைவர் பட்ட மாணவரிடம், பிறகு பேராசிரியரிடம். "ஓடல, ஹெல்ப் பண்ணுங்க" என்று கேட்காமல் இப்படி எழுதுங்கள்: "தரவை ஏற்றும் படியில் நினைவகம் போதவில்லை என்ற பிழை வருகிறது. தொகுதி அளவை 64-லிருந்து 16-ஆகக் குறைத்தும் அதே பிழை. 100 கோப்புகளோடு ஓடுகிறது, 5,000 கோப்புகளோடு நிற்கிறது. எல்லாக் கோப்பையும் ஒரே நேரத்தில் ஏற்றுவதுதான் காரணமோ என்று சந்தேகப்படுகிறேன்." இப்படி எழுதும்போதே பாதி நேரம் விடை உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஐந்தாறு வாரத்தில் முடிவுகள் வரும். மிக நல்ல முடிவு வந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். நாற்பது பேரின் குரல் பதிவுகளை வைத்து ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பயிற்றுவிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பதிவுகளைக் குலுக்கிப்போட்டு 80 சதவீதம் பயிற்சிக்கு, 20 சதவீதம் சோதனைக்கு என்று பிரித்தால், ஒரே ஆளின் குரல் இரண்டு பக்கமும் இருக்கும். மாதிரி அந்தக் குரல்களை மனப்பாடம் செய்துவிட்டு 98 சதவீதம் காட்டும். ஆட்களைப் பிரித்து, எட்டுப் பேரின் குரலை முழுக்கச் சோதனைக்கு ஒதுக்கினால் எண் மளமளவென்று இறங்கும். இறங்கிய எண்தான் உண்மை. ஒரே சோதனையைத் தற்செயல் எண்ணின் தொடக்கத்தை மாற்றி ஐந்து முறையாவது ஓட்டுங்கள், எளிய அடிப்படை முறை ஒன்றோடும் ஒப்பிடுங்கள். ஒன்றும் வேலை செய்யவில்லை என்ற முடிவும் முடிவுதான்; ஏன் வேலை செய்யவில்லை என்று காட்ட முடிந்தால் அதை வைத்தே நல்ல போஸ்டர் போடலாம்.

எட்டாம் வாரத்தில் புதிய சோதனைகளை நிறுத்துங்கள். இதைக் கேட்காதவர்கள் ஒன்பதாம் வாரம் தூங்குவதில்லை. போஸ்டரில் ஒரே கேள்வி, ஒரு படம், ஒரு அட்டவணை போதும். ஆறடி தூரத்திலிருந்து தலைப்பைப் படிக்க முடிய வேண்டும். கணினி தெரியாத ஒருவரிடம் இரண்டு நிமிடத்தில் விளக்கிப் பழகுங்கள். அம்மாவுக்குத் தமிழில் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தால் எங்கே உங்களுக்கே தெளிவில்லை என்பது தெரிந்துவிடும்.

வழிகாட்டியோடு ஒத்துப்போகாமல் போனால், அவர் வாரக்கணக்கில் சந்திக்காவிட்டால், அல்லது மரியாதைக் குறைவாக நடத்தினால், பொறுத்துக்கொண்டு பத்து வாரத்தை ஓட்ட வேண்டாம். ஒருங்கிணைப்பாளர் இருப்பது இதற்காகவும்தான். மூன்றாம் வாரத்தில் சொன்னால் வேறு வழிகாட்டியிடம் மாற்ற முடியும். எட்டாம் வாரத்தில் சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

ஊர் திரும்பும் முன்

கடைசி வாரத்தில் வழிகாட்டியிடம் மூன்று விஷயம் கேட்டுவிட்டு வாருங்கள். பிறகு எப்போதாவது பரிந்துரைக் கடிதம் எழுதித் தருவாரா. இந்த வேலை கட்டுரையானால் உங்கள் பெயர் ஆசிரியர்களில் ஒன்றாக வருமா, அதற்கு இலையுதிர் பருவத்தில் இன்னும் என்ன செய்ய வேண்டும். போஸ்டரை வேறு எங்கே வைக்கலாம். கிரேஸ் ஹாப்பர், டாப்பியா போன்ற கணினித் துறை மாநாடுகளில் மாணவர் போஸ்டர்களுக்கு இடமும் பயண உதவியும் உண்டா என்று பாருங்கள், கணினி வல்லுநர் சங்கமான ஏ.சி.எம். நடத்தும் மாணவர் ஆய்வுப் போட்டி பல மாநாடுகளில் நடக்கிறது. கோடையில் செய்த வேலையை அப்படியே அங்கே கொண்டுபோகலாம்.

முனைவர் பட்டம் பற்றி யோசிக்கிறவர்கள் வீட்டில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் கணினித் துறையில் முனைவர் பட்டத்துக்குப் பெரும்பாலும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. பல்கலைக்கழகமே கட்டணத்தை ஏற்று மாத உதவித்தொகையும் தரும். "இன்னும் அஞ்சு வருஷம் படிப்புன்னா காசுக்கு எங்க போறது" என்ற கேள்விக்கு இதுதான் பதில். இளநிலை இறுதியாண்டிலேயே என்.எஸ்.எஃப். முதுநிலை உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம், கடைசித் தேதி இலையுதிர் பருவத்தில் வரும். அதற்கு வேண்டிய ஆய்வு அனுபவக் கட்டுரையின் முக்கால்வாசி உங்கள் குறிப்பேட்டில் ஏற்கெனவே இருக்கும். ஆகஸ்டில் நினைவு பசுமையாக இருக்கும்போதே எழுதத் தொடங்குங்கள்.